இரும்புத் தொங்கானில் செவ்வாய்ப் பயணம்

போன மாதம் கோலசிலாங்கூர் கடையில் கருவாடு கட்டிக் கொடுத்த பத்திரிகைத் தாளில் ஒரு செய்தி இருந்தது. இன்னும் ஐம்பது அறுபது வருஷத்தில் மனிதர்கள் ஒரு யந்திரத்தில் ஏறி, திருவிழா வாணம் போல நெருப்பைக் கக்கிக்கொண்டு செவ்வாய்க் கிரகத்துக்குப் போவார்கள் என்று மேல்நாட்டுப் பண்டிதர் ஒருவர் சொல்லியிருக்கிறாராம். யந்திரம்தான் இன்னும் கைகூடவில்லை, ஆட்களைப் பற்றிக் கவலையில்லை, துணிந்தவர்கள் கிடைப்பார்கள் என்று போட்டிருந்தது.

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததே நாற்பது வயதுக்கு மேல்தான். ஒரு வரியைக் கடக்க நேரமாகும். ‘ஆட்களைப் பற்றிக் கவலையில்லை’ என்ற இடத்தில் இன்னும் அதிக நேரமானது. அந்தப் பயணத்துக்கென்று சோதித்துப் பார்த்த ஆட்களில் நானும் ஒருவன். 1924ஆம் வருஷம் எங்கள் தோட்டத்தில் மூன்று பேரைச் செவ்வாய்க்கு அனுப்புவது போல அடைத்து வைத்துப் பார்த்தார்கள். நாங்கள் இருபத்து நான்கு நாள் தூரம் போனோம்.

எங்கள் தோட்டம் புக்கிட் பெலிம்பிங் தாண்டி ஆற்றோரம் இருக்கிறது. பாதி ரப்பர், பாதி தென்னை. அப்போது இருந்த துரைக்கு ரப்பரைவிட வானத்தின் மேல்தான் கண். பங்களா வாசலில் மூன்று கால் வைத்த பித்தளைத் தூரக்கண்ணாடி ஒன்று நின்றது. அந்த வருஷம் ஆவணியில் செவ்வாய் பூமிக்கு வெகு கிட்டத்தில் வந்தது. விடியற்காலையில் பெரட்டுக்கு வரிசையாக நிற்கும்போது, மேற்கே கடல் பக்கம், அடுப்பில் விழுந்த தணல் மாதிரி அது தெரியும். ஆள் எண்ணிக்கொண்டே, எங்களை வேலை வாங்கும் மண்டோர் அதைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

அங்கே மனிதர்கள் போகலாம் என்று துரை சொல்கிறார் என்ற பேச்சை எங்கள் குடியிருப்பான லயத்துக்குக் கொண்டுவந்தவன் நாராயணசாமி. துரையின் குதிரை லாயத்தில் அவனுக்கு வேலை. முப்பது வயது. வாய் சும்மா இருக்காது.

“போறது வெள்ளைக்காரன்தான். ஆனா மொதல்ல எறங்கிக் காடு வெட்ட நம்மளத்தான் ஏத்துவான். லயம் கட்டணும், காவா தோண்டணும், கக்கூஸு வெட்டணும். துரை எறங்குறப்ப பங்களா தயாரா இருக்கணுமில்ல?” என்றான் அவன்.

“அங்க காடே இல்லையாம்டா” என்று யாரோ சொன்னார்கள்.

“அப்ப நட்டுட்டு வெட்டச் சொல்வான்.”

எல்லாரும் சிரித்தோம். இருசப்பன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் என் அறைக்கு அடுத்த அறைக்காரர். ராசிபுரம் பக்கம். தோட்டத்துக்கு வந்து பதினொரு வருஷம். “அங்க ஒருத்தன் செத்தா எரிக்க வெறகுக்கு எங்க போறது?” என்று கேட்டார். காடு இல்லாத இடத்தில் விறகு ஏது என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

ஆவணி பிறந்த பத்தாம் நாள் பெரட்டில் தோட்டத்துக் கணக்கரான கிராணியார் வைரவநாதன் மேசைமேல் ஏறி நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். துரை ஒரு பரீட்சை செய்யப் போகிறார் என்றார். செவ்வாய்க்குப் போவதென்றால் ஒரு சிறிய இரும்பு அறைக்குள் பல மாதம் அடைந்து கிடக்கவேண்டும். மனிதனால் அது முடியுமா முடியாதா என்று துரைக்கும் அவருடைய சிநேகிதர்களுக்கும் வாதம். ஆற்றோரச் சேற்றில் கிடக்கும் பழைய தொங்கானில் மூன்று பேர் முப்பது நாள் இருக்கவேண்டும். தேங்காயும் ரப்பரும் ஏற்றிக் கிள்ளானுக்குப் போய்வந்துகொண்டிருந்த இரும்புப் படகு அது. இருந்து முடித்தால் ஊருக்குத் திரும்பக் கப்பல் டிக்கெட். சம்சாரம் இருந்தால் அவளுக்கும் சேர்த்து.

அந்தக் கடைசிப் பேச்சு வரும்வரை எல்லாரும் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் அசையவில்லை.

இருசப்பன் அண்ணன் மனைவி தாயம்மா வரிசையிலிருந்து முன்னால் வந்து, “ஐயா, கடைசியில நெசமாவே செவ்வாய்க்கு ஏத்திவிட்டுர மாட்டீங்களே?” என்று கேட்டாள்.

“உங்கட பேரன்மார் காலத்திலயும் அது நடவாது, பிள்ளை. பயப்பிடாதேங்கோ” என்றார் கிராணியார்.

அவளுக்குப் பேரன் கிடையாது. பிள்ளையும் கிடையாது. இருந்தான் ஒருவன். அவனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

அவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது பையனுக்கு நாலு வயது. இந்தப் பக்கம் வந்ததும் எல்லாரையும் போல ஒரு தீவில் இறக்கி அடைத்தார்கள். கொரண்டின் என்று சொல்வோம். நோய் இல்லை என்று தெரிந்தால் பத்து நாளில் வெளியே விடுவார்கள். ஒன்பதாம் நாள் பரிசோதனையில் கூட வந்த ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். உடனே அந்தக் கொட்டகை முழுவதற்கும் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள். அந்த இரண்டாவது எண்ணிக்கையில் பையனுக்கு வாந்தி பேதி கண்டது. ஆறாம் நாள் போய்விட்டான். அந்தக் கொட்டகையில் இருந்த எவரும் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. நோயாளியைக் காட்டிக் கொடுத்தால் எல்லாருக்கும் எண்ணிக்கை திரும்பும். நான் வந்த கப்பலிலும் அதே கதைதான். காய்ச்சல்காரனை நடுவில் நிறுத்தி இரண்டு பக்கமும் தோள் கொடுப்போம். நாக்கில் வெள்ளை படிந்திருந்தால் புளியைத் தேய்த்து எடுத்துவிடுவோம். கன்னத்தைக் கிள்ளிச் சிவக்க வைப்போம். எல்லாருக்கும் தெரிந்த வித்தை அது.

தாயம்மாவுக்கு ஊருக்குப் போகவேண்டும் என்பது வெறும் ஆசையாக இருக்கவில்லை. மூன்று வருஷமாக அவளுக்கு மூச்சு இழுப்பு. மழைக்காலத்தில் உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். இன்னொரு மழையை இந்தச் சதுப்பில் தாங்கமாட்டாள், வறண்ட சீமைக்குக் கூட்டிப் போ என்று டிரெசரே சொல்லியிருந்தார். டிரெசர் பொன்னம்பலம் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டவர், அவரும் யாழ்ப்பாணத்துக்காரர். ஐப்பசி மழைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

இருசப்பன் அண்ணன் முதலில் கையைத் தூக்கினார். அவரைப் பார்த்து நான். நாராயணசாமி கடைசியில், “நானும் வரேன். செவ்வாயில குதிரை இருந்தா ஆரு குளிப்பாட்டுறது?” என்றான்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் துரை எங்களைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு ஒவ்வொருவராகக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். எங்களைவிட அவருக்குத்தான் அவசரம். நான் பார்த்தபோது ஒரு சிவந்த வட்டம், தண்ணீருக்கடியில் கிடப்பது போல ஆடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் வெள்ளையாகச் சிறு பொட்டு. இருசப்பன் அண்ணன் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சுண்டைக்காயத்தனைதான் இருக்கு. இதுக்கா இம்புட்டுப் பாடு?”

கிராணியார் அதை இங்கிலீஷில் சொன்னார். துரை சிரித்து அண்ணனின் தோளைத் தட்டினார். அந்த மனுஷன் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிடவேண்டும்.

மறுநாள் காலை எங்களை நிறுத்துப் பார்த்து எடை குறித்தார்கள். தொங்கானின் மேலே வெயில் தாக்காமல் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டிருந்தார்கள். காற்று வர இரண்டு குழாய். மூடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கெட்டிக் கண்ணாடி. உள்ளே பத்தடி நீளம், ஆறடி அகலம். தண்ணீர்ப் பீப்பாய், பொரியரிசி, பிஸ்கட், கருப்பட்டி, புளி, உப்பு. மூடி போட்ட மலப்பீப்பாய். ஒரு லாந்தர், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கான எண்ணெய் மட்டும். ஒரு சுத்தியல்.

உள்சுவரில் வெள்ளைச் சாயத்தால் சட்டங்களை எழுதி வைத்திருந்தார் கிராணியார். எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. அதனால் வாசலில் நின்று அவரே வாசித்தார். மூன்று நாளைக்கு ஒரு முறை காலையில் டிரெசர் கண்ணாடி வழியாக எங்கள் முகத்தையும் நாக்கையும் பார்ப்பார். வெளியே வரவேண்டுமானால் சுத்தியலால் மூன்று அடி அடிக்கவேண்டும். காவலுக்கு இருக்கும் ஜாகா திறந்துவிடுவான்.

“நாலாவது. ஒருத்தருக்குக் காய்ச்சல் கண்டால் உடன தட்டுங்கோ. அவரை வெளியில எடுத்து மருந்து குடுப்பம். மற்றவை தொடர்ந்து இருக்கலாம். வெளியில வந்தவருக்கும் டிக்கட் உண்டு. விளங்குதோ?”

“வெளங்குதுங்க ஐயா” என்றோம் மூன்று பேரும்.

விளங்கியது. காதில் தெளிவாக விழுந்தது. அதில் சந்தேகமே இல்லை.

தாயம்மா சேற்றில் போட்ட பலகையில் நின்றுகொண்டிருந்தாள். வெளியிலிருந்து யாரும் பேசக்கூடாது என்பது துரையின் கட்டளை. நாலு மணிக்குக் களையெடுப்பு முடிந்து வரும்போது அவள் தொங்கானின் பக்கவாட்டில் ஒரு கல்லால் ஒரு தட்டுத் தட்டலாம் என்று கிராணியார்தான் கெஞ்சி அனுமதி வாங்கிக் கொடுத்தார். உள்ளே அண்ணன் பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டுவார். அவர் வலது கையில் பழநியில் போட்ட இரும்புக் காப்பு ஒன்று கிடந்தது.

மூடி விழுந்தது. திருகாணி முறுக்கும் சத்தம் கேட்டது.

முதல் நாள்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உள்ளே பகலும் இல்லை, இரவும் இல்லை. கண்ணாடி வழியாக வருவது கஞ்சித்தண்ணி மாதிரி ஒரு வெளிச்சம். ஏற்றத் தண்ணீர் வந்தால் தொங்கானின் வயிற்றில் மொத்து மொத்தென்று அடிக்கும். வற்றினால் சேற்றில் நண்டு நடக்கிற சத்தம்கூடக் கேட்கும். தாயம்மா தட்டினால் நாலு மணி. அதை வைத்துத்தான் நாள் கணக்கு. தட்டியதும் நான் கரித்துண்டால் ஒரு கோடு இழுப்பேன். எங்களுக்குச் சூரியன், கடிகாரம், பஞ்சாங்கம் எல்லாம் அந்த ஒரு கல்தான்.

ஆறாம் நாள்வரை நாராயணசாமி எங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். “இப்ப எந்த ஊரு தாண்டுறோம்?” என்று நான் கேட்பேன். “சந்திரன் வந்துருச்சு, டீக்கடையில நிக்குமாம். எறங்குறவங்க எறங்கலாம்” என்பான். எட்டாம் நாள் அவன் பேசாமலானான். பத்தாம் நாள் அவன் பொரியரிசி மெல்லுகிற சத்தத்தைக் கேட்டு எனக்கு அவன் கழுத்தை நெரிக்கவேண்டும் போல் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன். அவன் தண்ணீர் குடிக்கும்போது தொண்டை எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று இருட்டில் எண்ணிக்கொண்டிருந்தேன். அவனும் என்னுடையதை எண்ணியிருப்பான்.

அண்ணன்தான் எங்களை அடக்கி வைத்திருந்தார். சுவரில் வெள்ளையாகத் தெரிந்த சட்டங்களின் மேல் நாராயணசாமி தன் துண்டைக் காயப் போடுவான். அதற்குக் கீழே உட்கார்ந்து, ஊரில் மழைக்கு முன்னால் சோளக்கொல்லை எப்படி மணக்கும், தாயம்மா அங்கே எப்படிக் காலை நீட்டிப் படுத்துத் தூங்குவாள் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

பன்னிரண்டாம் கோடு இழுத்த மறுநாள் காலை அவருக்கு நடுக்கம் கண்டது. பல் கிட்டிக்கொண்டது. படுக்கைக்குப் போட்டிருந்த இரண்டு சாக்கையும் மேலே போட்டு நான் ஏறிப் படுத்தேன். நாலு மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி இறங்கிவிட்டது.

“பழைய காய்ச்சல்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வந்துட்டுப் போயிரும்” என்றார்.

“தட்டிரலாம்ணே. டிரெசருகிட்ட கொயினா மருந்து இருக்கும்” என்றேன்.

“எதுக்கு? எண்ணிக்கை திரும்பவா?”

“அந்த ஐயா அப்படிச் சொல்லலையேண்ணே. காய்ச்சல்காரன எடுத்துட்டு மத்தவங்க இருக்கலாம்னுதானே...”

“நாகப்பட்டினத்துலயும் ஒரு ஐயா நின்னு வாசிச்சாரு” என்றார் இருசப்பன் அண்ணன். “வந்த எடத்துல நெல்லுச்சோறு, தனி வீடு, மூணு வருசத்துல திரும்பக் கப்பல்னு. நீயும் கேட்டே. நானும் கேட்டேன். காளி, சுத்தியல் மேல கைய வச்சே, அந்தக் கைய ஒடிச்சிருவேன்.”

நான் நாராயணசாமியைப் பார்த்தேன். லாந்தர் வெளிச்சத்தில் அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அவனுக்கும் டிக்கெட் வேண்டும். எனக்கும் வேண்டும். அண்ணனுக்காகத்தான் தட்டவில்லை என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். எழுதும்போது அந்தப் பொய் வரமாட்டேன் என்கிறது.

பதினைந்தாம் நாள் காய்ச்சலும் டிரெசரும் சேர்ந்து வந்தார்கள். மூடிமேல் செருப்புச் சத்தம் கேட்டதும் நாங்கள் ஒரு வார்த்தை பேசாமல் அவரவர் வேலையைச் செய்தோம். நாராயணசாமி புளியை எடுத்து அண்ணன் நாக்கில் தேய்த்தான். நான் கன்னத்தைக் கிள்ளினேன். இருவரும் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினோம்.

கண்ணாடியில் டிரெசரின் விளக்கு தெரிந்தது. “இருசப்பன், நாக்கை நீட்டும்” என்றார். நீட்டினார். “நல்லது. காளியண்ணன்.” நீட்டினேன். “நாராயணசாமி. என்ன, பகிடி ஒண்டும் இல்லையோ இண்டைக்கு?”

“செவ்வாயில எறங்கித்தான் சொல்றதா இருக்கேங்க” என்றான் அவன். அவன் கை அண்ணன் முதுகுக்குப் பின்னால் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது.

டிரெசர் சிரித்துவிட்டுப் போனார். அவர் தோளில் மருந்துப் பை தொங்கியது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் கண்ணாடியின் கனம்தான்.

பதினேழாம் நாள் அண்ணனால் கையைத் தூக்க முடியவில்லை. நாலு மணித் தட்டு வந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் கையிலிருந்து காப்பைக் கழற்றினேன். இளைத்த கை, தானே நழுவி வந்தது. இரும்பில் ஒரு தட்டுத் தட்டினேன். வெளியே சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பலகையில் அவள் நடந்து போகிற சத்தம்.

“கேட்டுருச்சு” என்றார் அண்ணன். சந்தோஷமாகச் சொன்னார்.

அன்றிலிருந்து நான்தான் தட்டினேன்.

பத்தொன்பதாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் இறங்கவே இல்லை. அவர் பேச ஆரம்பித்தார். பையன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இது எந்தத் தீவு என்று கேட்டார். இருபத்தொன்றாம் நாள் டிரெசர் வந்தபோது வாயில் ஒரு கருப்பட்டித் துண்டை வைத்துப் பேச்சை அடக்கினோம். ஒருமுறை தெளிந்து, “காளி, வந்து சேந்துட்டமா?” என்றார். “இன்னும் ஒன்பது நாளுண்ணே” என்றேன். “அங்க எறங்கினதும் கொரண்டின்ல போடுவானா?” “மாட்டான்ணே. அங்க ஆளே இல்ல. ஆரு போடுறது?” அதைக் கேட்டு அவர் முகம் தளர்ந்தது. ஆளே இல்லாத அந்தச் சிவந்த இடம் அப்போது அவருக்கு நல்ல இடமாகப் பட்டிருக்கவேண்டும்.

அன்று நாராயணசாமி சுத்தியலை எடுத்தான். நான்தான் பிடுங்கி வைத்தேன். “இருபத்தோரு நாளு கழிச்சாச்சு. இப்பத் தட்டினா அவரு பட்டது அத்தனையும் வீணுடா” என்றேன். அதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. உள்ளே இருந்தால் அப்படித்தான் தோன்றும்.

இருபத்து நான்காம் நாள் காலை கடைசியாக அவரைத் தூக்கி நிறுத்தினோம். நாக்கு தானாக நீளவில்லை. நாராயணசாமி பின்னாலிருந்து தாடையை அழுத்தினான். டிரெசர் “நல்லது” என்றார். அப்போது அவருக்கு உயிர் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. உடம்பு சூடாகத்தான் இருந்தது. தொங்கானுக்குள் எல்லாமே சூடாகத்தான் இருக்கும்.

மத்தியானம் தண்ணீர் கொடுக்கப் போனேன். தண்ணீர் உள்ளே போகாமல் திரும்பி வழிந்தது. கையைத் தொட்டேன். நாராயணசாமி என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தான். நாங்கள் எத்தனை நேரம் அப்படி இருந்தோமோ. யாரும் சுத்தியல் பக்கம் போகவில்லை.

அப்புறம் தாயம்மா தட்டினாள்.

என் கை காப்பை எடுத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டது. ஏழு நாள் பழகிய கை. தட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அவள் திரும்பிப் போகும் காலடி பலகையில் கேட்டது. நாராயணசாமி ஊளையிட்டு அழ ஆரம்பித்தான். நான் சுத்தியலை எடுத்து மூன்று அடி அடித்தேன். நாலு, ஐந்து, எத்தனை என்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தேன்.

மூடி திறந்தபோது கண்ணில் ஊசி குத்தியது போல் வெளிச்சம். அவரை மேலே எடுத்துப் பலகையில் கிடத்தினார்கள். துரை தலையில் தொப்பி இல்லாமல் ஓடி வந்தார். டிரெசர் குனிந்து கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு எழுந்து நின்று தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாயம்மா அழவில்லை. புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு விரலால் அவர் வாயைத் திறந்தாள். பல்லுக்கிடையிலிருந்து ஒரு புளிநாரை எடுத்தாள். அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். காப்பு என் கையில் இருந்தது.

“ஏன் தட்டேல்லை?” என்று கேட்டார் கிராணியார். துரை கேட்கச் சொன்னாரோ, அவரே கேட்டாரோ. “நான் வாசிச்சனான்தானே? காய்ச்சல் எண்டால் தட்டச் சொல்லி, அவருக்கும் டிக்கட் உண்டெண்டு, வடிவா வாசிச்சனான்தானே?”

“வாசிச்சீங்கய்யா” என்றான் நாராயணசாமி.

“பிறகு?”

“ஊருல ஏத்துறப்பவும் வாசிச்சாங்கய்யா.”

கிராணியார் அதைத் துரைக்கு மொழிபெயர்க்கவில்லை.

துரை சொன்ன சொல் தவறவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. இரண்டு வாரத்தில் டிக்கெட்டுகள் வந்தன. எனக்கு ஒன்று, நாராயணசாமிக்கு ஒன்று, தாயம்மாவுக்கு ஒன்று, இருசப்பன் அண்ணன் பெயருக்கும் ஒன்று. சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. துரை சீமைக்கு எழுதிய கடிதத்தைப் பற்றிக் கிராணியார் பின்னொரு நாள் சொன்னார். மூன்று பேரும் இருபத்து நான்கு நாள் பூரண சுகமாக இருந்தார்கள், நோய்க்குறி எதுவும் காணப்படவில்லை, கடைசி நாள் பிற்பகல் ஒருவர் திடீரென்று மரணமடைந்தார் என்று எழுதினாராம். டிரெசரின் புத்தகத்திலும் எட்டு இடத்தில் ‘நல்லது’ என்றுதான் இருந்தது. துரை பொய் எழுதவில்லை. நாங்கள் காட்டியதை எழுதினார்.

புரட்டாசிக் கடைசியில் மூன்று பேரும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போனோம். நாராயணசாமி முன்னாலேயே ஏறிவிட்டான். தாயம்மா மூட்டையின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். காப்பை அவளிடம் அன்றே கொடுத்துவிட்டேன். அதை முந்தானையில் முடிந்திருந்தாள். இரண்டு டிக்கெட்டும் அவள் கையில் இருந்தன. ஒன்றைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

“அண்ணி, கடைசியா அவரு தட்டுனது...” என்று ஆரம்பித்தேன்.

“பதினாறாம் நாளு” என்றாள்.

நான் அவள் முந்தானை முடிச்சைப் பார்த்தேன்.

“பதினேழாம் நாளு சத்தம் வேறயா இருந்துச்சு. அவரு தட்டுனா காப்பு ரெண்டு தரம் அதிரும். கையில தொங்குற காப்பு அப்படித்தான் அதிரும். கையில புடிச்சுத் தட்டுனா ஒரே சத்தம்.” மூச்சு வாங்க நிறுத்தினாள். “ஜாகா பக்கத்துலயே நின்னான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தெறந்திருப்பான். எண்ணிக்கை திரும்பிருமேன்னு, கேக்காத மாதிரி நடந்து போயிட்டேன். எட்டு நாளும்.”

கப்பல்காரன் கூவினான். அவள் எழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் பின்னால் போனேன். கூலிகளுக்கு அடித்தட்டில்தான் இடம். இரும்பு ஏணி வழியாக இறங்கவேண்டும். கீழேயிருந்து துருவும் மூத்திரமும் கலந்த அந்த மணம் வந்தது. மூன்று படி இறங்கினேன். பின்னால் வந்தவன், “எறங்குய்யா, எறங்கு” என்று இடித்தான். நான் அவனைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு முறை முயன்று பார்த்தேன். முடியவில்லை. டிக்கெட் இன்னும் பெட்டியில் இருக்கிறது. தாயம்மாவிடமிருந்து தகவல் இல்லை.

அந்தத் துரை மாற்றலாகிப் போய்விட்டார். தூரக்கண்ணாடியும் அவரோடு போயிற்று. தொங்கான் அதே சேற்றில்தான் கிடக்கிறது. எழுத்துக் கற்றுக்கொண்ட பிறகு ஒரு மத்தியானம், தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போனேன். மூடி இல்லை. விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் உள்ளே நீட்டினேன். வெள்ளைச் சாயம் பாதிக்கு மேல் உரிந்திருந்தது. நாராயணசாமி துண்டு போடுகிற இடத்தில் மட்டும் எழுத்து நன்றாக இருந்தது. நாலாவது சட்டம். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். கிராணியார் வாசித்ததில் ஒரு சொல்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்குக் கீழே என் கரிக்கோடுகள். எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்றுதான் இருந்தன. கடைசி நாள் கோடு இழுக்கவில்லை.